திறந்த காரும் தெருவோர முகங்களும்

ஒரு நாட்டுத் தலைவரைப் பற்றிய எந்தப் புகைப்படத் தொகுப்பை எடுத்துப் பார்த்தாலும், மேடைப் பேச்சு, ஒப்பந்தக் கையெழுத்து, கைகுலுக்கல் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதில் மிகுதியாகக் காணப்படுவது, அவர் காரில் ஏறி ஏதோ ஒரு பொது நிகழ்ச்சிக்குப் போய்க்கொண்டிருக்கும் காட்சியே ஆகும். நிகழ்ச்சி இன்னும் தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது என்பதால் இத்தகைய படங்களை நாளிதழ்கள் அன்றே ஒதுக்கிவிடுகின்றன. ஆவணக் காப்பகங்களோ, அதாவது அரசின் பழைய பதிவுகளைப் பேணிக் காத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நிறுவனங்களோ, அவற்றை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கின்றன. மேடையில் நிற்பவரைப் படமெடுக்கும்போது சட்டகத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட முடிகிறது. காரில் செல்பவரைப் படமெடுக்கும்போது தெருவும், கடைப் பலகைகளும், மாடி சன்னல்களும், காவலரும், வேடிக்கை பார்ப்போரும் யாருடைய அனுமதியும் கேளாமல் உள்ளே வந்துவிடுகின்றனர். அந்த அழையா விருந்தாளிகளே இப்படங்களின் மதிப்பு என்பதற்கு, அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடியின் ஆட்சிக் காலமான 1961 ஜனவரி முதல் 1963 நவம்பர் வரை எடுக்கப்பட்ட வெள்ளை மாளிகைப் படங்களைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் ஓர் அதிபர் பதவியை விட்டு விலகியதும் அவருடைய கோப்புகள், ஒலிப்பதிவுகள், படங்கள் அனைத்தும் அதிபர் நூலகம் எனப்படும் தனி நிறுவனத்தில் சேர்க்கப்படுகின்றன. நூலகம் என்று பெயர் இருப்பினும், அது உண்மையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இயங்கும் ஒரு காப்பகமும் அருங்காட்சியகமும் ஆகும். இவ்வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய நூலகம் 1941-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த கென்னடி நூலகம் பாஸ்டன் நகரின் கடலோரத்தில் 1979-இல் திறக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் ஊழியர் தம் பணியின் பகுதியாக எடுக்கும் படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லாததால், 2011 முதல் இணையவழியாகவும் வெளியிடப்பட்டு வரும் இப்படங்களை எந்த நாட்டுப் பத்திரிகையும் கட்டணமின்றி அச்சிடலாம்.

அதிபரும் காரும் ஒரே படத்தில் இடம்பெறத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். 1901 செப்டம்பரில் பஃபலோ நகரில் சுடப்பட்ட வில்லியம் மெக்கின்லியை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது மின்கலத்தால் ஓடிய ஓர் ஆம்புலன்ஸ். அதைப் பயணம் என்று சொல்லிவிட முடியாது. அடுத்து வந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1902 ஆகஸ்ட் 22 அன்று ஹார்ட்ஃபோர்டு நகரில் மின்கார் ஒன்றில் ஏறிப் பொதுமக்கள் முன்னிலையில் வலம் வந்தார். பொது இடத்தில் காரில் தோன்றிய முதல் அதிபர் அவரே. குதிரை வண்டியே பாதுகாப்பானது என்று பலரும் நம்பிய காலம் அது. ஆயினும் அடுத்த 12-ஆம் நாள் பிட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் அவர் சென்ற குதிரை வண்டியின்மீது டிராம் மோதியதில் மெய்க்காவலர் ஒருவர் உயிரிழந்தார் என்பது வரலாற்றின் குறும்பு. 1909-இல் வில்லியம் டாஃப்ட், நாடாளுமன்றம் ஒதுக்கிய 12,000 டாலரில் கார்களை வாங்கி, வெள்ளை மாளிகையின் குதிரை லாயத்தைக் கார் கொட்டகையாக மாற்றினார். அவற்றுள் நீராவியால் இயங்கிய கார் ஒன்றிலிருந்து, படமெடுக்க வருவோரின் கண்ணை மறைப்பதற்காகவே அவர் ஆவியைப் பீய்ச்சச் செய்வார் என்று சொல்லப்படுவதுண்டு. பதவியேற்புக்குக் காரில் சென்ற முதல் அதிபர் வாரன் ஹார்டிங், ஆண்டு 1921.

காரை வெறும் வாகனமாகக் கொள்ளாமல் மேடையாகவே மாற்றியவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு கால்கள் செயலிழந்த அவரால் பிறர் துணையும் இரும்புக் கட்டும் இன்றி நிற்க இயலாது. காரின் பின்னிருக்கையிலோ யாவரும் அமர்ந்தே இருப்பர் என்பதால், அங்கு அவரும் மற்றவர்களைப் போலவே தோன்றினார். ஊர்தோறும் திறந்த காரை நிறுத்தி, அமர்ந்தபடியே ஒலிவாங்கியில் பேசுவதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். அவரைக் காரிலிருந்து தூக்கி இறக்குவதைப் படமெடுக்க முயன்றோரைச் சீக்ரெட் சர்வீஸ் காவலர் தடுத்து வந்தனர். கள்ள நோட்டைப் பிடிப்பதற்காக 1865-இல் ஏற்படுத்தப்பட்டு, மெக்கின்லி கொல்லப்பட்டபின் அதிபரின் மெய்க்காவலையும் ஏற்ற அரசுத் துறையே சீக்ரெட் சர்வீஸ் எனப்படுவது. ஆகவே ரூஸ்வெல்ட் காரில் புன்னகைக்கும் படங்கள் காப்பகத்தில் ஏராளமாகக் கிடைக்க, அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தொகுப்பில் எது மிகுதி என்பதைப் போலவே எது குறைவு என்பதும் செய்திதான். இந்த மேடையின் ஆபத்தும் அவர் காலத்திலேயே தெரிந்தது: 1933 பிப்ரவரி 15 அன்று மயாமி நகரப் பூங்காவில், பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட் திறந்த காரிலிருந்து பேசி முடித்தவுடன் ஒருவன் சுட்டதில், அருகிலிருந்த சிகாகோ மேயர் ஆண்டன் செர்மாக் குண்டடிபட்டு, மூன்று வாரத்தில் இறந்தார்.

கென்னடியின் பெயரோடு பிரியாமல் ஒட்டிக்கொண்ட கார், 1961-இல் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த லிங்கன் கான்டினென்டல் வகையைச் சேர்ந்தது. சின்சினாட்டி நகரின் ஹெஸ் அண்டு ஐசன்ஹார்ட் நிறுவனம் அதை நடுவில் வெட்டி ஏறத்தாழ மூன்றரை அடி நீட்டித்து, முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் இடையே இரண்டு மடக்கு இருக்கைகளைப் பொருத்தியது. காரை அரசு விலை கொடுத்து வாங்கவில்லை. ஆண்டுக்கு 500 டாலர் என்னும் பெயரளவு வாடகைக்கே அது ஓடியது. பின்னிருக்கையை நீரியல் விசையால் பத்தரை அங்குலம் உயர்த்த முடியும். அமர்ந்திருக்கும் அதிபரைத் தொலைவில் நிற்பவரும் காண வேண்டும் என்பதே அதன் நோக்கம். காவலர் தொற்றிக்கொண்டு நிற்பதற்குப் பின்புறத்தில் இரு படிகளும் கைப்பிடிகளும் இருந்தன. மழைக்கும் குளிருக்கும் மாட்டிக்கொள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை ஒன்றும் இருந்தது. அது குண்டு துளைக்காத கூரை அன்று. மறைப்பதற்காக அன்றிக் காட்டுவதற்காகவே கட்டப்பட்ட வண்டி இது என்பதை இதன் ஒவ்வோர் உறுப்பும் சொல்கிறது. கோயிலுக்கு வர இயலாதவர்களுக்கும் காட்சி கொடுக்க உற்சவர் வீதியுலா வருவதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிராக இராது.

இக்காட்சிகளை அரசின் சார்பில் பதிவு செய்தவர்களுள் மூவர் முதன்மையானவர்கள். தரைப்படையின் சிக்னல் கோர் என்னும் தகவல்தொடர்புப் பிரிவைச் சேர்ந்த செசில் ஸ்டவ்டன், கடற்படையைச் சேர்ந்த ராபர்ட் நட்சன், தேசியப் பூங்காத் துறையின் ஊழியரான ஆபி ரோ ஆகியோர் எடுத்த படங்கள், முறையே எஸ்.டி., கே.என்., ஏ.ஆர். என்னும் எழுத்துகளோடு தொடங்கும் எண்களால் அடையாளம் காணப்படுகின்றன. எண்ணில் சி என்னும் எழுத்து வந்தால் வண்ணப்படம் என்று பொருள். இம்மூவருள் ஆபி ரோ, தாமும் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவராக இருந்தும், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலந்தொட்டு லிண்டன் ஜான்சன் காலம்வரை அதிபர்களைப் படமெடுத்தவர். விழா நாயகரைச் சற்றுத் தள்ளி நின்று எடுக்கும் கருப்பு வெள்ளைப் படங்கள் இவருடையவை. நெருங்கிச் சென்று எடுத்த வண்ணப்படங்களால் பெயர் பெற்றவர் ஸ்டவ்டன்.

கார் அணிவகுப்பில், அதாவது அதிபரின் காரை முன்னும் பின்னும் காவல் வண்டிகள், விருந்தினர் வண்டிகள், பத்திரிகையாளர் வண்டிகள் சூழ்ந்து செல்லும் தொடரில், படமெடுப்பவர் எந்த வண்டியில் இருக்கிறார் என்பதே படத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. அதிபருக்கு முன்னால் செல்லும் வண்டியில் பின்னோக்கி அமர்ந்தால் அதிபரின் முகம் கிடைக்கும். மக்கள் இரு ஓரங்களிலும் மங்கிய கோடாகிவிடுவர். பின்தொடரும் வண்டியில் இருந்தாலோ அதிபரின் பிடரி மட்டுமே தெரியும். அவரைக் கண்ட அந்த நொடியில் கூட்டத்தின் முகங்களில் எழும் வியப்பும், குழந்தையைத் தோளுக்கு மேலே தூக்கும் கைகளும், ஏமாற்றமும்கூடத் தெளிவாகப் பதிவாகும். பத்திரிகை ஆசிரியர் முதல் வகையைத் தேர்ந்தெடுப்பார். சமூக வரலாறு எழுதுபவர் இரண்டாம் வகையைத்தான் தேடிச் செல்ல வேண்டும். 1962 ஜூன் 29 அன்று மெக்சிகோ நகரில் அதிபர் அடால்ஃபோ லோபெஸ் மாத்தேயோசுடன் கென்னடி சென்ற அணிவகுப்பின் படங்களில், மாடிகளிலிருந்து கொட்டிய காகிதத் துண்டுகள் பனிபோல் கவிந்து, சில படங்களில் காரில் இருப்பவர் யாரென்றே தெரியாதபடி செய்துவிடுகின்றன. வரவேற்பின் அளவை இதைவிடத் தெளிவாக எந்த எண்ணிக்கையும் சொல்லிவிடாது.

சில படங்களில் காருக்குள்ளேயே ஓர் அரசியல் நாடகம் அடங்கியிருக்கும். 1963 ஜூன் 26 அன்று மேற்கு பெர்லினில், கென்னடியும், நகர மேயர் வில்லி பிராண்டும், மேற்கு ஜெர்மனியின் சான்சலரான, அதாவது அரசுத் தலைவரான, கொன்ராட் அடனவரும் ஒரே திறந்த காரில் தோளோடு தோள் உரச எழுந்து நின்று சென்றனர். படத்தை முதலில் பார்ப்பவருக்குக் கண்ணில் படுவது நட்புதான். ஆனால் 46 வயதுக் கென்னடிக்கும் 87 வயது அடனவருக்கும் நடுவில் நிற்கும் 49 வயது பிராண்ட், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த தேர்தலில் அடனவரை எதிர்த்துச் சான்சலர் பதவிக்குப் போட்டியிட்டவர். 1963 அக்டோபரில் அடனவர் பதவி விலகினார். 1969-இல் பிராண்ட் அப்பதவிக்கு வந்தார். போகிறவரையும் வரப்போகிறவரையும், வந்த விருந்தாளியை முன்னிட்டு ஒரே வண்டியில் ஏற்றிய நாள் அது. அன்று அணிவகுப்பு பிராண்டன்பர்க் வாயிலை அடைந்தபோது, கிழக்கு ஜெர்மானிய அதிகாரிகள் அதன் தூண்களுக்கு இடையே சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டு, அப்பால் உள்ள நகரம் விருந்தினரின் கண்ணில் படாமல் மறைத்திருந்தனர். அத்துணிகளும் படங்களில் பதிவாகியிருக்கின்றன. மறைத்ததே காட்சிப் பொருளாகிவிட்டது.

அதிபர் தம் விருந்தாளிகளைக் காரில் அழைத்துச் செல்லும் படங்கள் இத்தொகுப்பில் தனி வரிசையாகவே அமைகின்றன. துனிசியாவின் ஹபீப் பூர்கிபா, பாகிஸ்தானின் அயூப் கான், எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி ஆகியோர் வாஷிங்டன் தெருக்களில் கென்னடியுடன் திறந்த காரில் வலம் வந்தனர்; ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் அமெரிக்கத் தலைநகரின் நடுத்தெருவில் அதிபருக்குச் சமமாக அமர்ந்து செல்வது, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த அந்நாட்டில் சிறிய செய்தியன்று. இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த, திருத்தணியில் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் 1963 ஜூனில் கென்னடியின் விருந்தாளியாக வாஷிங்டன் சென்றார். அப்பயணத்தின்போது ஜூன் 10 அன்று நியூயார்க் நகரம் அவருக்கு டிக்கர் டேப் அணிவகுப்பு நடத்தியது. பங்குச் சந்தை விலைகளை அச்சிட்டுத் தள்ளிய கருவியிலிருந்து வந்த மெல்லிய காகித நாடாவே டிக்கர் டேப்; தலைவர்களோ விண்வெளி வீரர்களோ வரும்போது அலுவலகச் சன்னல்களிலிருந்து அதை அள்ளி வீசுவது அந்நகரின் மரபாக இருந்தது. தத்துவப் பேராசிரியர் ஒருவருக்குப் பங்குச் சந்தைக் காகிதத்தால் பூமாரி பொழியப்பட்டது இம்மரபில் அடிக்கடி நிகழ்ந்திருக்காது.

எடுத்த படம் ஆவணமாவது காப்பகத்தார் அதற்கு எழுதும் குறிப்பினால்தான். காரில் நால்வர், தெருவில் கூட்டம் என்று மட்டும் தெரியும் ஒரு படத்துக்கு நாள், இடம், ஆள் மூன்றையும் உறுதிசெய்ய, அதிபரின் நாள்குறிப்பேட்டை, அதாவது அவர் எந்த மணிக்கு எங்கிருந்தார் என்று செயலகம் எழுதி வைத்த பதிவை, படத்தோடு ஒப்பிட வேண்டும். அது போதாதபோது கடைப் பெயர்ப்பலகை, திரையரங்க முகப்பில் உள்ள படத்தின் பெயர், காரின் எண் பலகை, நிழல் விழும் திசை, காரின் முன்பக்கக் கொடிகள் ஆகியவை கை கொடுக்கின்றன. இதற்கிடையே படச்சுருளுக்கும் முதுமை வருகிறது. அக்காலச் சுருள்கள் பலவற்றின் அடித்தளமான அசிட்டேட், ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். பெட்டியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் புளிக்காடியின் நெடியே நோயின் முதல் அறிகுறி என்பதால், இதற்கு வினிகர் நோய் என்றே பெயர். வண்ணச் சுருள்களிலோ சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறுகின்றன. குளிரூட்டப்பட்ட, ஈரம் குறைந்த அறையில் வைத்தால் இச்சிதைவை மெதுவாக்கலாம், நிறுத்திவிட முடியாது.

எவரும் பொருட்படுத்தாத படங்கள் சான்றுகளாக உயர்ந்தது 1963 நவம்பர் 22-க்குப் பிறகுதான். அன்று டல்லஸ் நகரில், விமான நிலையத்திலிருந்து மதிய விருந்து ஏற்பாடாகியிருந்த டிரேட் மார்ட் என்னும் வணிக வளாகத்துக்குச் செல்லும் வழியை உள்ளூர் நாளிதழ்கள் சில நாள் முன்னதாகவே வெளியிட்டிருந்தன. மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே பயணமே. காலையில் பெய்த மழை நின்றுவிட்டதால் பிளாஸ்டிக் கூரை மாட்டப்படவில்லை. அணிவகுப்பின் முன்னால் செல்ல வேண்டிய, படமெடுப்போருக்கான திறந்த லாரி கைவிடப்பட்டு, அவர்கள் பின்வரிசைக் கார்களுக்கு மாற்றப்பட்டனர். ஸ்டவ்டனும் பின்னால் ஒரு காரில்தான் இருந்தார். பகல் 12.30 மணிக்குக் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது அதிபருக்கு முன்னால் செல்லும் வண்டியில் தொழில்முறைப் படக்காரர் எவரும் இல்லாமற்போன காரணம் இதுவே. அந்நொடிகளின் முதன்மைச் சான்றாக இன்று வரை நிற்பது, ஆடை தயாரிப்பாளரான ஏப்ரகாம் சாப்ரூடர் தெருவோரத்தில் நின்று 8 மில்லிமீட்டர் கேமராவில் எடுத்த, 486 சட்டகங்களே கொண்ட, அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடும் ஒரு படச்சுருள்.

அதன்பின் ஆய்வாளர் பார்வை பழைய படங்களின்மேல் திரும்பியது. நான்கு நாள் முன்னர், நவம்பர் 18 அன்று, டாம்பா நகரில் நடந்த நீண்ட அணிவகுப்பின் படங்களில் காரின் பின்படிகளில் காவலர் நிற்கக் காணப்படுவதும், டல்லஸ் படங்களில் பெரும்பாலும் அப்படிகள் காலியாக இருப்பதும் எதிரெதிரே வைத்து ஒப்பிடப்பட்டன. அவ்வாறு நிற்க வேண்டாம் என்று சொன்னது யார் என்னும் தகராறு இன்னும் ஓயவில்லை என்றாலும், நின்றார்களா இல்லையா என்பதில் தகராறு இல்லை, அதற்குப் படம் இருக்கிறது. மடக்கு இருக்கைகளின் அமைப்பு இதைவிட முக்கியமானது. கென்னடியையும் அவருக்கு முன்னால் அமர்ந்திருந்த டெக்சஸ் ஆளுநர் ஜான் கானலியையும் ஒரே குண்டு துளைத்திருக்க முடியாது என்று வாதிட்டவர்கள், இருவரையும் நேர்க்கோட்டில் சம உயரத்தில் உட்காரவைத்துப் படம் வரைந்து காட்டினர். காரின் புகைப்படங்களிலும் கட்டுமான வரைபடங்களிலுமோ, மடக்கு இருக்கை பின்னிருக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்தும், கதவிலிருந்து சற்று உள்ளே தள்ளியும் இருக்கிறது. கதவுக்கும் இருக்கைக்கும் இடையிலான சில அங்குல இடைவெளியில் ஒரு நாட்டின் பெரிய சர்ச்சை வந்து நின்றது.

அக்காரின் திறந்த வடிவத்தை இனிப் படங்களில் மட்டுமே காண முடியும். கொலைக்குப்பின் அதற்குக் கவசமும் நிலையான கூரையும் குண்டு துளைக்காத கண்ணாடியும் பொருத்தப்பட்டன. கருநீலமாக இருந்த அதன் நிறம் லிண்டன் ஜான்சனின் விருப்பப்படி கருப்பாக்கப்பட்டது. மக்களுக்கு முகம் காட்டும் ஆசையோ அதிபர்களை எளிதில் விட்டுவிடவில்லை; ரிச்சர்டு நிக்சன் எழுந்து நின்று கையசைப்பதற்காக அதே கூரையில் ஒரு திறப்பு வெட்டப்பட்டது. 1977 ஜனவரி 20 அன்று பதவியேற்ற ஜிம்மி கார்ட்டர், நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து வெள்ளை மாளிகைக்குச் செல்லும் வழியில் காரை விட்டு இறங்கி, மனைவியின் கைபற்றி நடக்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே கென்னடியின் கார் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றது. கருப்பு வண்ணத்தோடும் மூடிய கூரையோடும் அது அங்கே நிற்கிறது.